கேள்வி பதில்: இறுதியாண்டும் ஆய்வேடும்

கேள்வி: நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் சிறப்புப் பட்டத்துக்குப் படிக்கும் இறுதியாண்டு மாணவி. இந்த அரையாண்டில் நான்கு பாடங்கள் இருக்கின்றன. அவற்றோடு வருடம் முழுவதற்குமான ஆய்வேடும் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் ஓய்வு நேரத்தைப் பற்றி ஆய்வு செய்கிறேன். என் அம்மாவும் மலையில் கொழுந்து பறிப்பவர்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹட்டனில் சாதாரணதரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துத்தான் போடிங் செலவைச் சமாளிக்கிறேன். ஒப்படைகளை எப்படியோ கொடுத்துவிடுகிறேன்; ஆய்வேட்டில் மட்டும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இரவில் உறக்கமும் வருவதில்லை. நான் சோம்பேறியா, இல்லை இந்தப் படிப்புக்கே தகுதியற்றவளா?
ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: மகள், முதலில் கணக்கைப் பார்ப்போம். இலங்கைத் தகைமைகள் சட்டகம், பாடத்தின் அளவைக் குறிக்கும் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி நேர உழைப்பு என்று வகுத்திருக்கிறது. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் அனைத்தும் அதற்குள் அடங்கும். ஆய்வாக இருந்தால் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணி. மூன்று கிரெடிட் வீதம் நான்கு பாடங்கள் என்று வைத்துக்கொண்டால் 600 மணி. 15 விரிவுரை வாரங்களால் அதை வகுத்தால் வாரத்துக்கு 40 மணி வரும். ஆய்வேட்டுக்கு ஆறு கிரெடிட் என்றால் அதற்கும் 600 மணி; 40 வாரங்களுக்குப் பரப்பினால் வாரத்துக்கு 15 மணி. உங்கள் பீடக் கைநூலில் உள்ள எண்களைப் போட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வாரத்துக்கு 55 மணிக்கு அண்மையில்தான் நிற்கும். நீங்கள் எடுக்கும் வகுப்பும் பஸ் பயணமும் அதற்கு மேல். இத்தனையையும் சுமந்துகொண்டு தன்னையே சோம்பேறி என்று ஏசிக்கொள்ளும் பிள்ளையை நினைக்க எனக்கு மனம் வலிக்கிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. உங்கள் ஆய்வேடு ஐந்தாவது பாடம் அல்ல. அது ஒன்றே அந்த நான்கு பாடங்களும் சேர்ந்து கேட்கும் உழைப்பைக் கேட்கிறது. ஆனால் பாடங்களுக்கு நேரசூசி இருக்கிறது, விரிவுரையாளர் வந்து நிற்கிறார், ஒப்படைக்குத் திகதி இருக்கிறது. ஆய்வேட்டை அன்றாடம் கேட்பதற்கு ஒருவரும் இல்லாததால் அது மிஞ்சிய நேரத்துக்குத் தள்ளப்படுகிறது. மிஞ்சுவதோ உடலும் மூளையும் ஓய்ந்துபோன இரவு பதினொரு மணி. விரிவுரை இல்லாத காலைகளை முதலில் ஆய்வேட்டுக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய நேரத்தை ஒப்படைகளுக்குக் கொடுங்கள். ஒப்படைகளுக்கு நேரம் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். திகதி உள்ள வேலை திகதிக்குள் எப்படியும் நடந்துவிடும்.

களவேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மலையகத்தை ஆய்வுக்கு எடுக்கும் பிள்ளைகளில் பலர் நாட்களை இழப்பது இங்கேதான். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் தோட்டத்து நிலத்தில் இருப்பதால், வேறு தோட்டங்களுக்குச் சென்று நேர்காணல் செய்வதாக இருந்தால், துறைத் தலைவரின் கடிதத்தோடு தோட்ட முகாமையாளரான துரையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவது நல்லது. கடிதம் கைக்கு வரவும், தோட்டத்து அலுவலகத்திலிருந்து பதில் வரவும் வாரக்கணக்கில் ஆகலாம். எனவே வினாக்கொத்து முழுமையாகட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். கொழுந்து பெருகும் ஏப்ரல், மே மாதங்களில் பெண்களிடம் ஒரு மணி நேரம் கேட்பது அவர்களுக்கும் சுமை, உங்களுக்கும் ஏமாற்றம். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் காம்பராவுக்கு வரும் பெண் நேரே அடுப்படிக்குத்தான் போகிறாள். அவளிடம் அப்போது ஓய்வு நேரத்தைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? ஞாயிறு காலையில் பீலிக்கரையில் உடுப்புத் துவைத்துக் காயப் போட்டுவிட்டு, தலை உலரும்வரை இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களே, அந்த அரை மணி நேரம்தான் உங்கள் ஆய்வுப் பொருள். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமையை ஹட்டனில் செலவழித்துக்கொண்டு அதை நீங்கள் எப்படிப் பார்க்க முடியும்?

ஆகவே ஞாயிறு வகுப்பை விட்டுவிடுங்கள் என்பதே என் துணிபு. சனிக்கிழமை வகுப்பு இருக்கட்டும். ஞாயிறு வகுப்பை உங்களுக்குப் பின்னால் வரும் இரண்டாம், மூன்றாம் வருட மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தால் அந்தப் பிள்ளைகளும் தவிக்க மாட்டார்கள். வருமானம் குறையும் என்பது எனக்குத் தெரியும், அதை இலேசாகச் சொல்லவில்லை. மகாபொலப் புலமைப்பரிசில் அல்லது பர்சரிக் கொடுப்பனவு உங்களுக்குக் கிடைக்கிறதா, நிலுவை ஏதும் இருக்கிறதா என்று மாணவர் நலன் பிரிவில் விசாரியுங்கள். நிலைமையை மாணவர் ஆலோசகரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக் கிடைக்கக்கூடிய உதவியையும் இழப்பது நம் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி காணும் வழக்கம்.

எழுத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் வாசித்து முடித்த பிறகு எழுதலாம் என்று இருக்காதீர்கள். நேர்காணலை ஒலிப்பதிவு செய்து சேர்த்துவைப்பதும் ஆபத்தானது. ஒரு மணி நேரப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதி எடுக்க நான்கைந்து மணியாவது வேண்டும், பத்துப் பதிவுகள் சேர்ந்துவிட்டால் அதைத் திறக்கவே பயம் வரும். பேசிவந்த அன்றிரவே இரண்டு பக்கம் எழுதிவிடுங்கள். ஆய்வுக் களத்தைப் பற்றிய அத்தியாயத்தை இன்றைக்கே தொடங்கலாம்: லயத்தில் எத்தனை காம்பரா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அம்மா எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்பவற்றை எழுத உங்களுக்கு எந்த நூலும் தேவையில்லை. குறையோடு இருந்தாலும் அதை மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். அவர் ஓர் அத்தியாயத்தை வாசிக்க இரண்டு வாரம் எடுப்பார் என்று வைத்து, சமர்ப்பிக்கும் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நாட்காட்டியில் குறியுங்கள். அச்சிடவும் பைண்டிங் செய்யவும் ஒரு வாரத்தைத் தனியாக வையுங்கள், கடைசி நாட்களில் அந்தக் கடைகளில் நிற்க இடமிருக்காது.

உறக்கத்தைப் பற்றி ஒரு சொல். உறங்காத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். பரீட்சைக்குத் தோற்ற இயலாத அளவு சுகவீனம் என்றால் மருத்துவச் சான்றிதழை உரிய காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் பரீட்சையைத் தவறவிட்டு மீண்டும் எழுதினால் அதற்குக் கிடைக்கும் உச்சப் புள்ளித்தரம் பொதுவாகக் குறைக்கப்படும், அது உங்கள் வகுப்புச் சித்தியை, அதாவது பட்டத்தின் தரத்தைப் பாதிக்கும்.

கேள்வி: மகள் பேராதனைக் கெம்பஸில் கடைசி வருடம். முன்பு மாதம் இருமுறை வீட்டுக்கு வருவாள், இப்போது வருவதே இல்லை. சொந்தத்தில் நடக்கும் கல்யாணத்துக்கும் வரமுடியாது என்கிறாள். படிப்பு, ஆய்வேடு என்று சொல்லி எங்களை ஒதுக்குகிறாளோ என்று அவளுடைய தாய் அழுகிறாள்.
ஒரு தந்தை, மஸ்கெலியா

பதில்: ஐயா, மேலே உள்ள கடிதத்தையும் பதிலையும் உங்கள் துணைவியாருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை ஒதுக்கவில்லை, வாரத்துக்கு 55 மணி நேர வேலைக்கு நடுவில் நிற்கிறாள். கல்யாணத்துக்கு நீங்கள் இருவரும் போய்வாருங்கள். உறவினர் கேட்டால் மகளுக்குப் பரீட்சைக் காலம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அந்த விளக்கத்தை அவள் தலையில் போட வேண்டாம். ஆய்வேட்டை என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை, முடிந்தால் மாதம் ஒருமுறை நீங்கள் பேராதனைக்குப் போய் ஒரு மணி நேரம் அவளோடு இருந்துவிட்டுத் திரும்புங்கள். தாயார் சமைத்துக் கொடுத்தனுப்பும் சோறும் அவளுக்குப் போய்ச்சேரும்.