பழைய இரும்பும் கிர்ரென்ற இரைச்சலும்

ஐயா, சிகார் பெட்டியில் மூன்று தந்தி கிட்டார் செய்தேன். புதுப்பேட்டையில் வாங்கிய பல்சக்கரம், சைக்கிள் மணி, ஸ்பானர் எல்லாவற்றையும் மூடிமேல் ஒட்டியிருக்கிறேன். பார்க்க அருமை. வாசித்தால் சத்தம் அமுங்கி, கூடவே கிர்ரென்று இரைகிறது. தந்தியின் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் எதை வாங்கினால் சரியாகும்? கதவுக் கீலில் கட்டிய தந்தியும் அடிக்கடி அறுகிறது. துருவை அப்படியே விட்டால் பழைய டோன் வருமா?
— வாசகர், பெரம்பூர்

அன்புள்ள தம்பி,

கடையில் வாங்கி மாட்டாமல் பழைய சாமான் குவியலைக் கிளறிச் செய்தீர்களே, அதற்கு ஒரு சபாஷ். பாராட்டு அவ்வளவுதான்.

மூடி 3 மில்லிமீட்டர் பலகை. அது அசைந்தால்தான் சத்தம். அதன்மேல் இவ்வளவு இரும்பை ஏற்றிவிட்டு ஏன் அமுங்குகிறது என்றால் என்ன சொல்வது? பிக்கப் போட்டால் அந்தக் கிர்ரும் சேர்ந்து பெரிதாகக் கேட்கும். எல்லாவற்றையும் பெயர்த்தெடுங்கள். அழகு வேண்டுமென்றால் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள், மூடியில் வேண்டாம். துருவில் டோன் எதுவும் இல்லை. மெட்ராஸ் காற்றுக்கு அது வளரும், அவ்வளவே. வெறும் இரும்பென்றால் ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, துடைத்து எண்ணெய் போடுங்கள். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புச் சாமானை வினிகரில் போடாதீர்கள், அந்தப் பூச்சு கரைந்துவிடும்.

கீலுக்கு வருவோம். மூன்று தந்திகளின் இழுவை 20 கிலோவுக்குக் குறையாது. அதை மூடியில் ஸ்குரூ போட்டு நிறுத்தவே கூடாது. கழுத்துக் கட்டை பெட்டிக்குள் புகுந்து பின்பக்கம் வெளியே வரவேண்டும். கீலின் ஓர் இதழ் அந்தக் கட்டையின் முனையில், மற்றது மடிந்து மூடியின் மேல்பக்கம். முனையில் உள்ள இதழைத்தான் ஸ்குரூ போட்டு நிறுத்தவேண்டும். அங்கே மரத்தின் நார் ஸ்குரூவைச் சரியாகப் பிடிக்காது. முக்கால் அங்குல ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு வரும். முதலில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, ஒன்றேகால் அங்குல ஸ்குரூவை இறக்குங்கள்.

மேல் இதழில் தந்திக்கும் 2 மில்லிமீட்டர் துளை போதும், தந்தியின் உருண்டை முனை அதில் நழுவாது. துளை போட்டதும் அதன் விளிம்பில் ரம்பம் மாதிரி பிசிறு நிற்கும். தந்தி ஒரே இடத்தில் அறுகிறதென்றால் குற்றவாளி அதுதான், தந்திக் கம்பெனியைத் திட்டாதீர்கள். 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டைக் கையிலேயே வைத்துத் துளையின் இரு பக்கமும் நாலு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே தேயுங்கள். விரல்நகம் மாட்டாமல் வழுக்கும்வரை விடாதீர்கள். இதைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் தந்தி தந்தியாக வாங்குகிறார்கள்!

பழைய கீலின் முள் ஆடும், அதுவும் இரையும். இதழுக்கும் மூடிக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வையுங்கள். மூடிமேல் தந்தியைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜைவிட இதழ் தாழ்வாக இருக்கட்டும். தந்தி பிரிட்ஜைத் தாண்டியதும் கீழே சரியவேண்டும். சரிவில்லாமல் மட்டமாகப் போனால் பிரிட்ஜே ஆடி இரையும்.

பிரிட்ஜுக்கு எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் போல்ட் நல்லது. மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், ஒரு தந்தி உட்காரும் மரையிலிருந்து எட்டாவது மரையில் அடுத்த தந்தியை வைத்தால் சரியாக 10 மில்லிமீட்டர் கிடைக்கும், அளவுகோலே வேண்டாம். ஆனால் தந்தி உட்காரும் அந்த மூன்று மரைகளையும் எலிவால் அரத்தால் மழுக்குங்கள், இல்லையென்றால் கீலின் கதைதான் இங்கேயும். போல்ட்டை ஒட்டாதீர்கள், தடித்த தந்திப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னே சாய்த்து வைத்தால்தான் மேல் ஃப்ரெட்களில், அதாவது பெட்டிப் பக்கத்துக் கட்டங்களில், சுருதி நிற்கும்.

பிக்கப்பா? இரைச்சல் நின்ற பிறகு ரிச்சி தெருவில் அதிர்வை மின்சாரமாக்கும் வட்டத் தகடான 27 மில்லிமீட்டர் பீசோ டிஸ்க் ஒன்று வாங்கி, பிரிட்ஜுக்கு நேர்கீழே மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். காந்த பிக்கப் போடுவதாக இருந்தால் ஆம்ப்ளிஃபயர் ஒயர் செருகும் ஜாக்கின் எர்த்திலிருந்து கீலுக்கு ஒரு ஒயர் இழுத்துவிடுங்கள்.