பதில்: வியர்க்காத குதிரை, நிற்காத மூச்சிரைப்பு

வணக்கம் சகோதரரே. சுங்கை சிப்புட்டில் மாலைச் சவாரி முடிந்து அரைமணி ஆகியும் உங்கள் குதிரைக்கு மூச்சு தணியவில்லை, தோல் காய்ந்தே இருக்கிறது, பிடரிக்கடியில் மட்டும் ஈரம் என்கிறீர்கள். வியர்வைச் சுரப்பிகள் ஓய்ந்துபோகும் கோளாறாக இருக்கலாம். நம் மலேசிய வெக்கையில் குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகளுக்கு அடிக்கடி வருவது. வியர்க்காததைத் தெம்பு என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

இன்றே தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஆசனவாயில் வைத்து, விடியற்காலையிலும், சவாரி முடிந்ததும், 30 நிமிடம் கழித்தும் அளந்து குறியுங்கள். ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி இயல்பு. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. ஓய்விலேயே சூடு கூடியிருந்தால் காய்ச்சலாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம்; ஆனால் வெக்கையில் இந்தக் கோளாறாலும் அப்படிக் கூடும்.

40 டிகிரியைத் தாண்டினால் நிழலில் நிறுத்தி, உடல் முழுக்கக் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றுங்கள். 'குளிர்நீர் பட்டால் தசை பிடிக்கும்' என்ற பயம் வீண். 41 டிகிரி என்றால் ஊற்றிக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

நீங்கள் கேட்ட உப்பு: 500 கிலோ குதிரைக்குத் தினம் சுமார் 30 கிராம் போதும், பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஆனால் உப்பு இதைக் குணப்படுத்தாது.

மருத்துவரிடம் டெர்புடலின் (வியர்வையைத் தூண்டும் மருந்து) ஊசிச் சோதனை கேளுங்கள். கழுத்துத் தோலில் சிறிதளவு போட்டு, அங்கே வியர்க்கிறதா என்று பார்ப்பார். நுரையீரலையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை சவாரி வேண்டாம். கொட்டகையில் விசிறி ஓடட்டும். உறுதியான மருந்து இல்லை. கேமரன் மலை போன்ற குளிரிடத்தில் சில மாதம் விட வழியிருந்தால், அதுவே நல்லது.