காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்

கேள்வி: கோபி பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மகன் கோவையில் ட்ரிபிள் ஈ (மின்னியல் இன்ஜினியரிங்) இறுதியாண்டு. சேர்க்கும்போது இன்னோவேஷன் லேப், இன்குபேஷன் சென்டர் என்று சுற்றிக் காட்டினார்கள். அது பூட்டியே கிடக்கிறது என்கிறான். ப்ராஜெக்ட்டுக்கு நாலு பையன்கள் சேர்ந்து காந்திபுரத்தில் ப்ராஜெக்ட் செய்து தரும் ஒரு கடையில் 18,000 ரூபாய் பேசி, எங்கள் பங்கு 4,500 கட்டியாச்சு. இப்போது 40,000 ரூபாயில் ஏஐ கோர்ஸ் சேரணும் என்கிறான். சேர்க்கலாமா?

பதில்: அம்மணி, கோர்ஸ் இருக்கட்டும். அந்த 4,500 ரூபாயைப் பேசுவோம். மளிகைச் செலவு போல ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முன்பக்கத்தில் போனஃபைடு சான்றிதழ் என்று ஒன்று இருக்கும். இது இன்னார் செய்த வேலை என்று பெயர் போட்டு, கைடும் துறைத் தலைவரும் கையெழுத்திடுவார்கள். உங்கள் மகன் பெயரில் வரப்போவது பொய்ச் சான்றிதழ். அதற்குப் பணம் எடுத்துக் கொடுத்தது நீங்கள். ஊரே செய்கிறது என்பீர்கள். இந்தச் சமாதானத்தோடு வராத கடிதம் குறைவு. பிள்ளைக்குப் பீஸ் கட்டுவது பெற்றவர் கடமை. அவன் வேலையை விலைக்கு வாங்கித் தருவது கடமை இல்லை, துரோகம்.

லேப் பூட்டியிருப்பது தப்புதான், கல்லூரியில் போய்க் கேளுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கடை பூட்டியா கிடக்கிறது? ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-லேயே மோட்டார் செய்த கோவைச் சீமை இது. எரிந்த மோட்டார் வந்து இறங்கும் கடையை வைத்துக்கொண்டு, மோட்டார் படிக்கிற பையனைக் காந்திபுரத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அவனை இரண்டு மாதம் சனி, ஞாயிறு கடையில் உட்கார வையுங்கள். கையில் ஒரு நோட்டு. வருகிற ஒவ்வொரு மோட்டாருக்கும் எத்தனை ஹெச்பி, கிணறா போரா, எந்த ஊர், காயில் எப்படிக் கருகியிருக்கிறது என்று எழுதட்டும். படமும் எடுக்கட்டும். மூன்று பேஸ் காயிலை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறை உண்டு. ஸ்டார் இணைப்பு மோட்டார் ஒரு பேஸ் கரண்ட் வராமல் ஓடியிருந்தால் இரண்டு பேஸ் காயில் கருகி, மூன்றாவது புதுசு மாதிரி இருக்கும். டெல்டாவில் ஒரு பேஸ் மட்டும் கருகும். ஓவர்லோடு என்றால் மூன்றும் ஒரே சீராகக் கறுக்கும். அவன் அப்பாவுக்கு இது பார்த்ததும் தெரியும். ஏன் அப்படி என்று கணக்குப் போட்டுச் சொல்வது மகன் வேலை.

நோட்டு நிறைந்தால் ப்ராஜெக்ட் தானே கிடைக்கும். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் மார்க்கெட்டில் இருக்கிறதே என்பான். இருக்கிறது, இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கெபாசிட்டர் போட்டு ஓட்ட, பல விவசாயிகள் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கழற்றத் தோன்றாதபடி ஒன்றைச் செய்வதுதான் இன்ஜினியர் வேலை. கரண்டை அளக்க மூன்று சென்சார், கணக்குப் போட இஎஸ்பி32 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, மோட்டாரை நிறுத்த ஒரு ரிலே சுவிட்ச் போதும். வயரைக் கவ்விக்கொண்டு 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தருகிற கிளாம்ப் சென்சார் என்றால், அதை வோல்டேஜாக மாற்ற 3.3 வோல்ட் போர்டுக்கு 22 ஓம் பர்டன் ரெசிஸ்டர் வேண்டும். கிளாம்ப்பை மூன்று வயரையும் சேர்த்து மாட்டினால் கரண்ட் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். பையன்கள் அங்கேதான் மணிக்கணக்கில் திணறுவார்கள். வயருக்கு ஒன்றாக மாட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் சுமார் ஆறு மடங்கு ஏறும், அந்தச் சில விநாடிகளை விடாமல் ட்ரிப் (தானே நிறுத்துவது) வைத்தால் மோட்டார் எழும்பவே எழும்பாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் கரண்ட் குறையும், அதற்குத் தனி அளவு வேண்டும். மூன்று பேஸுக்கும் இடையே வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு ஒரு சதவீதம் என்றாலும், அந்த ஏற்றத்தாழ்வு கரண்டில் 6 முதல் 10 மடங்காகத் தெரியும். அதனால் சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் நிறுத்துகிற கருவியை விவசாயி மறுநாளே பிடுங்கி எறிவார். எந்த அளவில் நிறுத்துவது என்பதை நாலு தோட்டத்தில் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 415 வோல்ட் விளையாட்டில்லை. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அப்பா பக்கத்தில் நிற்கும்போதுதான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்க வேண்டும்.

ஏஐ கோர்ஸ் இப்போது வேண்டாம். நாலு தோட்டத்து கரண்ட் அளவு கையில் சேர்ந்த பிறகு அதை வைத்து என்ன கற்கலாம் என்று அவனே கேட்டு வரட்டும், அப்போது கொடுங்கள்.

காந்திபுரம் கடையில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் 4,500 போகட்டும், அவர்கள் செய்து தரும் ப்ராஜெக்ட் பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். மற்ற மூன்று பையன்களையும் உங்கள் மோட்டார் கடைக்கு அழைத்து ஒரு வேளை சோறு போட்டுப் பேசுங்கள். அவர்கள் வராவிட்டால், முதல் ரிவ்யூவுக்கு முன்பே உங்கள் மகன் கைடிடம் போய்த் தலைப்பை மாற்றித் தனியாகச் செய்ய அனுமதி கேட்கட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம், அவனே கேட்கட்டும்.