மண்டபம் இல்லாமல் ஓர் ஆய்வரங்கு

கேள்வி: அக்கா, எங்கள் பட்டப்பின்படிப்பு மாணவர்களின் ஆய்வரங்கு அடுத்த மாதம் நடக்க இருந்தது. மழை வெள்ளத்தில் மண்டபம் பழுதாகிவிட்டதால் ரத்துச் செய்துவிட்டார்கள். தெரிவான கட்டுரைகள் 26. பேஸ்புக், வட்ஸ்அப் வழியாக நடத்துவோம் என்றேன். "அது அரட்டை, ஆய்வரங்கு இல்லை" என்கிறார்கள் மூத்தவர்கள். நடத்தலாமா? மாணவர்கள் இதைத் தங்கள் சுயவிபரத்தில் போட முடியுமா?
– விரிவுரையாளர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: நடத்துங்கள் தம்பி. நான் நடத்தியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

2022 மார்ச் கடைசியில் கொழும்பு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஒருநாள் 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, மண்டபம் தர முடியாது என்று எங்களுக்கும் கைவிரித்துவிட்டார்கள். முதலில் ஸூமில் ஒத்திகை பார்த்தோம். அப்போது பகுதிகளைக் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு நேரத்தில் மின்சாரத்தை வெட்டினார்கள். பேசுகிறவர் ஒரு மின்வெட்டுக் குழு, அமர்வுத் தலைவர் வேறொரு குழு. இவருக்குக் கரண்ட் வந்தபோது அவருக்குப் போய்விட்டது. எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கும் எண்ணத்தை அன்றே விட்டுவிட்டோம்.

பேஸ்புக்கில் மூடிய குழு ஒன்று தொடங்கினோம். ஒவ்வொருவருக்கும் 6 படம், 300 சொல்லுக்குள் விளக்கம், பதிவிட ஒரு நேரம். வீடியோ வேண்டாம் என்றோம், டேட்டாவைத் தின்றுவிடும். உலகக் கடற்பறவை ஆய்வாளர்கள் 2015இலேயே ட்விட்டரில் ஆளுக்கு 6 பதிவு என்று மாநாடு நடத்தினார்கள். அப்போது ஒரு பதிவுக்கு 140 எழுத்துதான். அவர்களால் முடிந்தது.

இனி அந்த அரட்டைப் பேச்சு. மூத்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சும்மா விட்டால் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் "வாழ்த்துகள்" என்று நாற்பது பேர் எழுதுவார்கள், அதோடு முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வாசகரை முன்கூட்டியே நியமியுங்கள். கட்டுரையை ஒரு வாரம் முன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள். பதிவு வந்த அரை மணி நேரத்துக்குள் முதல் கேள்வி அவருடையதாக இருக்க வேண்டும். முழு உழைப்பையும் நான் இதில்தான் போட்டேன். தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீடுகளைப் பற்றி எழுதிய மாணவிக்கு, பதுளையில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வட்ஸ்அப்பில் நாலு நிமிடக் குரல்பதிவு அனுப்பினார். அவள் எண்ணிய அறைகளின் கணக்கு ஏன் பிழை என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். மண்டபத்தில் ஐந்து நிமிடக் கேள்வி நேரம், பிறகு தேநீர். அங்கே அவர் வாய் திறந்திருக்க மாட்டார், ஒருவேளை கொழும்புக்கே வந்திருக்க மாட்டார். அந்த மாணவி இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதினாள். அவளுடைய கட்டுரை அதனால்தான் நல்லதாயிற்று என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அதே மாணவியின் படம் ஒன்றில் தொழிலாளிப் பெண்களின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கடைசி நேரத்தில்தான் பார்த்து எடுத்தோம். மூடிய குழுவானாலும் படம் வெளியே போகும், கவனம்.

இன்னொன்று. எங்கள் நாள் ஏப்ரல் 3, ஞாயிறு. ஊரடங்கு ஏற்கெனவே போட்டிருந்தார்கள், அதைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை. காலையில் எழுந்தால் பேஸ்புக்கும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. இரவோடு இரவாகச் சமூக ஊடகங்களை முடக்கியிருந்தார்கள். எல்லாருடைய படங்களும் மின்னஞ்சல் முகவரிகளும் என் கணினியில் இருந்ததால் காலை அமர்வை மின்னஞ்சலிலேயே அனுப்பிவைத்தேன். பிற்பகலில் தடை நீங்கியது. நீங்களும் 26 பேரின் கோப்புகளையும் முகவரிகளையும் முதலே வாங்கி வையுங்கள்.

சுயவிபரத்தில் தாராளமாகப் போடலாம். கட்டுரை மதிப்பாய்வுக்குப் போனதா, தொகுப்பில் வந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆய்வுச்சுருக்கங்களைத் தொகுத்து, கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் (நூல்களுக்கான சர்வதேச அடையாள எண்) பெற்று வெளியிடுங்கள். இணையவழி நடந்தது என்பதையும் அதில் மறைக்காமல் எழுதுங்கள்.

சரி, இன்று இரவே அந்த 26 பேருக்கும் எழுதிவிடுங்கள். ரத்து என்ற செய்தி மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால், பாதிப் பேர் இந்நேரம் கட்டுரையை மூடிவைத்திருப்பார்கள்.