4 மில்லிமீட்டர் கரு, துடிப்பு தெரியவில்லை: நாளைக்கே இன்னொரு ஸ்கேனா?

கேள்வி: முதல் கர்ப்பம், 6 வாரம் 5 நாள். லேசாக ரத்தம் பட்டதால் உள் ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாக) எடுத்தார்கள். கருப்பையில் கரு 4 மில்லிமீட்டர், துடிப்பு தெரியவில்லை, 10 நாள் கழித்து வரச் சொன்னார்கள். மாமியாருக்குத் தெரிந்தவர், நாளைக்கே வேறு கிளினிக்கில் ஸ்கேனும் 'கரு தங்கும் ஊசி'யும் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். கரு தங்குமா? – சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: போகாதீர்கள். நன்றாக வளரும் கருவே ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அளப்பவர் கை சற்று மாறினாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். நாளைய ஸ்கேனில் புதிதாகத் தெரிவது பில் மட்டும்தான்.

உள் ஸ்கேனில் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லையென்றால்தான் கருச்சிதைவு என்ற பேச்சே வரும். அதற்குக் கீழே என்றால் குறைந்தது ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். ஆக, 10 நாள் என்பது அலட்சியம் இல்லை. இதை விளக்க ஒரு நிமிடம் போதும்; சீட்டில் தேதி எழுதி அனுப்புகிறவர்களுக்கு அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை!

உங்களுக்கு மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? நீங்கள் எழுதவில்லை. 28 நாள் என்று வைத்துத்தான் வாரக் கணக்குப் போடுகிறார்கள். 35 நாள் சுழற்சி என்றால் கரு ஒரு வாரம் பிந்தி உருவாகியிருக்கும். உண்மையில் 6 வாரம்கூட ஆகியிருக்காது. அப்போது துடிப்பு தெரியாதது இயல்புதான். சுழற்சி முன்பின் ஆகிறவர்களும், பால் கொடுக்கும்போதே கருத்தரித்தவர்களும் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகவே சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ஊசி. 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ரத்தக்கசிவு இருந்த 4,000க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்குப் புரோஜெஸ்டிரோன் (கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்; 'கரு தங்கும் ஊசி' என்பது பெரும்பாலும் இதுதான்) கொடுத்தார்கள். முன்பு கரு கலைந்தவர்களுக்கு ஓரளவு பலன் தெரிந்தது, முன்பு கரு கலையாதவர்களுக்கு இல்லை; உங்களுக்கு இது முதல் கர்ப்பம். உங்கள் மருத்துவரே மாத்திரை கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள். ஊசிக்கும் 'வாராந்தர ஸ்கேன் பேக்கேஜு'க்கும் ஆள் பிடிக்கிறவர்களிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பதும் உதவாது.

அடுத்த ஸ்கேனில் துடிப்பு வந்தால் பெரும்பாலும் கரு தங்கும். வராவிட்டால் நீங்கள் செய்த எதனாலும் அல்ல; பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறுதான் காரணம்.

இடையில் ஒரு மணி நேரத்தில் பேட் முழுக்க நனைந்தாலோ, கடும் வலியோ மயக்கமோ வந்தாலோ 10 நாள் கணக்கு செல்லாது. நடு இரவானாலும் கேகே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், முதல் ஸ்கேன் அறிக்கையைக் கையோடு எடுத்துக்கொண்டு.