குப்பி

அன்புள்ள அக்கா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறார். எங்கள் பாடசாலையிலிருந்து கணிதப் பிரிவில் படித்து விஞ்ஞான பீடத்துக்கு வந்த முதல் ஆள் நான். வந்து நான்கு மாதம் ஆகிறது. உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு இங்கே எல்லா லெக்சரும் ஆங்கிலத்தில் என்றதும் ஒன்றும் விளங்கவில்லை. போர்டில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை அகராதி வைத்துத் தமிழில் நோட்ஸ் தயாரிக்கிறேன். இப்போது அந்த நோட்ஸை மற்றப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கொடுக்க மனம் வரவில்லை. நான் முழித்திருந்து எழுதியது. அந்த நேரம் அவர்கள் ஃபோன் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்.

அறையில் ஆறு பேர். கன்ரீன் சாப்பாடு ஒத்துவரவில்லை. சீனியர் அக்காமார் இரவில் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைக்கிறார்கள். பகிடிவதை (ராகிங்) இருந்தால்தான் பட்ச் ஃபிட், அதாவது எங்கள் வருடப் பிள்ளைகளுக்குள் ஒற்றுமை, வரும் என்கிறார்கள். வராதவர்களுக்குக் குப்பியும் இல்லை, பழைய வினாத்தாளும் இல்லையாம். நான் மூன்று முறை போகவில்லை. இப்போது நோட்ஸ் கேட்பதைத் தவிர என்னோடு யாரும் கதைப்பதில்லை.

இதை விட்டுவிட்டு கொட்டகலைக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆங்கிலம் சீக்கிரம் பிடிபட ஒரு நல்ல புத்தகம் சொல்வீர்களா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கச்சி,

உம்முடைய பெயரோடு பல்கலைக்கழகத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் இலங்கையில் எந்த வளாகத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்பதுதான் என் கவலை.

போன மாதம் அலுமாரி ஒதுக்கும்போது பழைய சி.ஆர். கொப்பி ஒன்று கையில் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிரல். தொகையீடு, அனுகலனய, இன்டெகிரேஷன். எல்லை, சீமாவ, லிமிட். முதல் நிரல் என் கையெழுத்து. இரண்டாவது வேறொரு பிள்ளையுடையது, உருண்டை உருண்டையான சிங்கள எழுத்து. மூன்றாவதை இரண்டு பேரும் மாறி மாறி எழுதியிருக்கிறோம். அதைத் திரும்ப உள்ளே வைக்க மனமில்லாமல் மேசையிலேயே வைத்திருந்தேன். அந்த நேரத்தில் உம்முடைய கடிதம் வந்தது.

சாப்பாடு பழகும். ஆறு பேர் அறையும் பழகும். ஆங்கிலத்துக்குப் புத்தகம் சொல்லப் போவதில்லை. உம்முடைய பாடங்களுக்குத் தேவையான ஆங்கிலம் சில நூறு சொற்கள். அவற்றின் பொருள் தமிழில் உமக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல், பல்கலைக்கழக அனுமதிக்குத் தேவையான இசட் புள்ளி எடுத்து உள்ளே வந்திருக்க முடியாது.

பகிடிவதைக்குப் போகாமல் இருந்தீரே, அதற்காக உம்மைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருக்கிறது. ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திரும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். இரண்டு வருடம் வரை சிறை. பாரதூரமான காயமோ பாலியல் துன்புறுத்தலோ நடந்தால் பத்து வருடம் வரை. அந்தச் சட்டம் பிள்ளைகள் செத்த பிறகு வந்தது. இனி யாராவது உம்மைத் தொட்டால், பயமுறுத்தினால், பீடாதிபதிக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடும். வாயால் சொல்லிவிட்டு வராதேயும்.

எனக்கு ஆறாமல் இருப்பது உம்முடைய கடிதத்தின் வேறு இரண்டு வரிகள். "வராதவர்களுக்குக் குப்பி இல்லை" என்பது ஒன்று. "கொடுக்க மனம் வரவில்லை" என்பது மற்றது. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் உமக்கு ஒரு சொந்தமும் தெரியவில்லையா?

தமிழ்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பல்கலைக்கழகங்களில் குப்பி என்றால், பாடம் விளங்கிய மாணவர் விளங்காத மாணவருக்கு இரவில் சொல்லிக்கொடுப்பது. பரீட்சை நெருங்கும்போது விடுதிப் படிப்பறையில், கன்ரீன் மேசையில், வெறும் தரையில் நடக்கும். காசு கிடையாது. சிங்களப் பிள்ளைகளும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

நான் பேராதனைக்குப் போனது 1999 இல். யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லாத காலம். காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கண்டிக்கு பஸ். ஹில்டா ஒபேசேகர விடுதியில் இடம் கிடைத்தது. முதல் மூன்று மாதம் நானும் உம்மைப்போலத்தான் இருந்தேன். லெக்சர், அறை, வெள்ளிக்கிழமையில் குறிஞ்சிக்குமரன் கோயில், திரும்ப அறை. தமிழ்ப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை. ஹந்தானையில் மழை இறங்குவதை யன்னலால் பார்த்துக்கொண்டு, விளங்காத நோட்ஸைத் திரும்பத் திரும்ப வடிவாக எழுதுவேன்.

ஒருநாள் பின்னேரம் மாத்தறைப் பிள்ளை ஒருத்தி வாசலில் வந்து நின்று, "அத ரே குப்பியக் தியெனவா, எனவாத?" என்று கேட்டாள். இன்றிரவு குப்பி இருக்கிறது, வருகிறீரா என்பது பொருள். எனக்கு அதில் அப்போது விளங்கியது ஒரே ஒரு சொல். குப்பி.

தங்கச்சி, நீர் பிறந்த காலமும் இடமும் வேறு. எங்கள் ஊரில் அப்போது குப்பி என்றால் கறுப்பு நூலில் கழுத்தில் கிடக்கும் சயனைட். கடித்தால் ஆள் மிஞ்சாது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளையின் கழுத்தில் அதைக் கண்டிருக்கிறேன். அந்தச் சொல்லை ஒரு சிங்களப் பிள்ளையின் வாயில், சிரித்த முகத்தோடு கேட்டபோது கை கால் குளிர்ந்துவிட்டது. என்னை எதற்கோ சோதிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். தலையிடி என்று கையால் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அடுத்த வாரமும் வந்தாள். அப்போதும் போகவில்லை.

மூன்றாவது முறை அவள் கையில் ஒரு தாள் இருந்தது. சின்னப் போத்தல், மூடியில் ஒரு ஓட்டை, அதற்குள்ளால் ஒரு திரி, மேலே சுடர். கீழே ஆங்கிலத்தில் "வீட்டில் கரண்ட் இல்லை" என்ற பொருளில் தப்பும் தவறுமாக ஒரு வரி. குப்பி விளக்கு. அவளுடைய வீட்டுக்கு மின்சாரம் வந்தது அவள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதாம். அதுவரைக்கும் அண்ணனும் தங்கையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அந்த ஒரு போத்தலைச் சுற்றி இருந்துதான் படித்திருக்கிறார்கள்.

நான் அவளிடமிருந்து பேனையை வாங்கி அந்தப் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஜாம் போத்தல் விளக்கைக் கீறினேன். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய், சுடர் போத்தலுக்கு உள்ளேயே எரியும். இதைச் சொல்ல இரண்டு பேரிடமும் ஒரு முழு வசனம் இருக்கவில்லை. படம் போதுமாக இருந்தது. அன்றிரவு போனேன்.

கணிதத்தில் எல்லைக்கான (லிமிட்) வரைவிலக்கணம் நடந்தது. எப்சிலன், டெல்டா. நீரும் இந்த வருடம் அதிலேதான் முட்டிக்கொண்டு நிற்பீர் என்று நினைக்கிறேன். லெக்சரில் அது எனக்கு வெறும் கிரேக்க எழுத்து. அவள் அதை ஒரு விளையாட்டாக்கினாள். நீ கேள், நான் சொல்கிறேன். விடைக்கு எவ்வளவு நெருக்கமாக வரவேண்டும் என்று நீ கேள், அது எப்சிலன். அவ்வளவு நெருங்குவதற்குப் புள்ளிக்கு எவ்வளவு கிட்ட நிற்கவேண்டும் என்று நான் சொல்கிறேன், அது டெல்டா. நீ எவ்வளவு சின்ன எண்ணைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தால் எல்லை இருக்கிறது. இவ்வளவையும் பாதிச் சிங்களம், பாதி ஆங்கிலம், மிச்சம் கை விரல்களால் சொன்னாள். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை.

அடுத்தநாள் இரவு, நேற்றுப் படித்ததை நீ மூன்று தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல் என்று என்னை முன்னால் விட்டாள். இரண்டு நிமிடம் நன்றாகத்தான் போனது. பிறகு வவுனியாப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டெல்டாவை முதலே எடுத்து வைத்தால் என்ன? அது எல்லா எப்சிலனுக்கும் சரிவராதா?" எனக்கு வாய் எழவில்லை. யார் முதலில் கேட்கிறார், யார் பிறகு சொல்கிறார் என்ற ஒழுங்கில்தான் அந்த வரைவிலக்கணத்தின் உயிரே இருக்கிறது. அந்த ஒழுங்கை நான் தலைகீழாக வைத்துக்கொண்டு, விளங்கிவிட்டது என்று ஒரு முழு நாள் சந்தோஷமாகத் திரிந்திருக்கிறேன். அவள் கேட்டிராவிட்டால் பரீட்சையிலும் அப்படியே எழுதியிருப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன், இரண்டு மணி வரைக்கும் முழித்து எழுதிய உம்முடைய நோட்ஸில் எது பிழை என்று உமக்குத் தெரியாது. தெரிய வழியே இல்லை. அதை இதுவரை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அகராதி கேள்வி கேட்காது. லாச்சிக்குள் பூட்டி வைத்த கொப்பியும் கேட்காது. ஃபோன் பார்த்துக்கொண்டு இருந்தவள் என்கிறீரே, அவள் வந்து உமக்கு முன்னால் இருந்து "ஏன்?" என்று ஒன்று கேட்டால், நீர் தனியாக இருந்து பத்து இரவில் படித்ததைவிடக் கூடப் படிப்பீர்.

பேராதனையைக் கட்டியவர்களுக்கும் இப்படி ஒரு எண்ணம் இருந்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தர். பிள்ளைகள் ஒன்றாகத் தங்கி ஒருவரிடமிருந்து ஒருவர் படிக்கவேண்டும் என்பதற்காகவே கொழும்பை விட்டு, ஆற்றங்கரையில் விடுதிகளோடு ஒரு வளாகத்தை எழுப்பினார்கள். 1952 இல் பெருமளவு மாணவர்கள் அங்கே போனார்கள். கட்டடமும் தோட்டமும் இன்றைக்கும் அழகுதான். ஆனால் ஒரே கூரையின் கீழ் மூன்று மாதம் இருந்தும் நான் பக்கத்து அறைப் பிள்ளையிடமிருந்து ஒன்றும் படிக்கவில்லை. அவள் வந்து கதவைத் தட்டியதால்தான் படித்தேன்.

இப்போது உம்முடைய சீனியர்மாரிடம் வருகிறேன். அவர்கள் செய்யும் ஈனமான காரியம் இரவில் வரிசையாக நிற்க வைப்பதோடு முடியவில்லை. குப்பியைப் பணயமாக வைத்திருக்கிறார்கள். குனிந்தால் தருவோம், குனியாவிட்டால் இருட்டில் கிட. இலவசக் கல்வியில் படித்து, தாங்களும் யாரோ சொல்லிக்கொடுத்துப் பாஸாகிவிட்டு, அந்த விளக்கை ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு முன்னால் கையால் மறைக்கிறார்கள். இதற்கு ஒற்றுமை என்று பெயர் சொல்ல எப்படி நாக்கு வருகிறது?

அதே கையால்தான் நீரும் மறைக்கிறீர். கோபம் வருகிறதா, வரட்டும். அவர்கள் கேட்கும் விலை அடிபணிவு. நீர் கேட்கும் விலை "என்னைப்போல நீயும் முழித்திருந்திருக்க வேண்டும்" என்பது. உம்முடைய விலை கொஞ்சம் நியாயமாகத் தெரியும். கேட்டு வந்த பிள்ளைக்குக் கிடைத்தது என்னவோ ஒன்றுதான்.

இதை உமக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்றால், நானும் செய்திருக்கிறேன். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, உடுப்பு இரண்டு சோடியும் உயர்தர நோட்ஸும்தான் நான் கொண்டுபோனவை. கொடிகாமத்தில் ஒரு வீட்டில் ஐந்து குடும்பம் இருந்தோம். அதில் என் வயதுப் பிள்ளை ஒருத்தி. அவளுடைய கொப்பிகள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. பிரயோக கணித நோட்ஸைப் பார்த்து எழுதத் தரச்சொல்லிக் கேட்டாள். கொடுத்தேன். கொடுக்கும் முன் நிலையியல் பகுதியின் கடைசித் தாள்களை, பழைய வினாக்களைச் செய்து பார்த்திருந்த தாள்களை, உருவி என் பாய்க்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவள் நான்கு நாள், ஜாம் போத்தல் வெளிச்சத்தில், கிடைத்ததை எழுதி முடித்து, கொப்பிக்குப் பழைய பேப்பரில் உறை போட்டுத் திருப்பித் தந்தாள். அந்தத் தாள்கள் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய குடும்பம் வன்னிக்குப் போனது. அதற்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை. மாத்தறைப் பிள்ளை தன் கொப்பியை முழுதாக என் முன்னால் விரித்த அந்த முதல் இரவில் எனக்கு முதலில் வந்த நினைவு அந்தப் பேப்பர் உறைதான்.

கல்வியியற் கல்லூரி பற்றிக் கேட்டிருந்தீர். ஆசிரியராவது நல்ல காரியம். மலையகத்துக்குக் கணித ஆசிரியர்கள் எவ்வளவு தேவை என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பட்டத்தை முடித்துவிட்டும் ஆசிரியராகலாம். முதல் செமஸ்டர் பரீட்சை வரைக்கும் அந்த விண்ணப்பத்தைத் தொடாதேயும்.

சீனியர்மாரின் குப்பி உமக்கு வேண்டாம். நோட்ஸ் கேட்ட பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூப்பிடும். அவர்களும் பயத்தில்தான் உம்மோடு கதைக்காமல் இருப்பார்கள். பகலில், நூலகத்துப் பக்கம், நாலு பேர் நடமாடும் இடமாகப் பாரும். கொப்பியை முழுதாகக் கொடும், ஒரு தாளும் உருவாமல். பிறகு எல்லை வரைவிலக்கணத்தை அவர்களுக்குத் தமிழில் சொல்லும். டெல்டாவை ஏன் முதலில் எடுக்கக்கூடாது என்று யாராவது கேட்டால், அன்றிரவே எனக்கு எழுதும்.

அன்புடன்,
அக்கா