சனிக்கிழமை மாலை அந்தப் பாட்டியம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமச் சேகரத்தின் (ஒரே குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) குருவானவர். குருப்பட்டம் பெற்று 4 ஆண்டுகள் ஆகின்றன. இந்தச் சேகரத்துக்கு வந்து 14 மாதங்கள். தலைமைச் சபையோடு 5 கிளைச் சபைகள் உள்ளன. பெரும்பாலான குடும்பங்களில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் பிரசங்கத்துக்காக 12 மணி நேரம் ஆயத்தம் செய்கிறேன். ஆனால் பத்தாவது நிமிடத்திலேயே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வாலிபர்களில் சிலர் பக்கத்து ஊர் ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் திருமண்டலத்தின் (பிஷப்பின் பொறுப்பிலுள்ள சபைகள்) பெருமன்றத் தேர்தலுக்குப் பிறகு சேகர கமிட்டி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு தரப்பார், மறு தரப்பின் தவறுகளைப் பிரசங்க பீடத்திலிருந்து கண்டிக்கும்படி என்னை வற்புறுத்துகிறார்கள். கால் எலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒரு பாட்டியம்மா மட்டும், "இன்னைக்கு ஐயா என்ன சொன்னாங்க?" என்று பேத்தியிடம் வாராவாரம் கேட்பாராம், வேறு யாரும் என் பிரசங்கத்தைப் பற்றிப் பேசியதில்லை. மாறுதல் கேட்டு எழுதிவிடலாமா? சென்ற மாதம் செய்த பிரசங்கம் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். - பெயர் வெளியிட விரும்பாத ஆயர்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை முதல் முறை வாசித்தபோது கமிட்டிச் சண்டைதான் பெரிதாகத் தெரிந்தது. மறுநாள் மீண்டும் எடுத்து வாசித்தபோது, ஒரே வரியில் நீங்கள் சொல்லிக் கடந்துவிட்ட அந்தப் பாட்டியம்மாவிடம் என் கண் நின்றுவிட்டது. அவரிடம் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் அனுப்பிய பிரசங்கத்தைப் பார்ப்போம்.

வாரத்துக்கு 12 மணி நேரம் ஆயத்தம் செய்வது குறையே அல்ல. சனிக்கிழமை இரவு செல்பேசியில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, ஞாயிறு காலையில் அதையே தம்முடையதுபோல ஒப்பிப்பவர்கள் பெருகிவிட்ட காலத்தில், மேசையில் உட்கார்ந்து எழுதும் ஓர் இளம் குருவானவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த 12 மணி நேரமும் எங்கே செலவாயிற்று என்பது உங்கள் கையெழுத்துப் பிரதியிலேயே தெரிகிறது. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் வரும், காலையில் வந்தவர்களுக்கும் கடைசி மணி நேரத்தில் வந்தவர்களுக்கும் ஒரே கூலி கிடைத்த திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையை எடுத்திருக்கிறீர்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று தலைப்புகள். "கிரேக்க மூலத்தில்" என்று நான்கு இடங்களில். ஒரு பணம் என்பது அக்காலத்தில் ஒரு நாள் கூலி என்ற விளக்கம். எல்லாம் சரியானவையே. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்குகிறவர்கள் என்பது, அந்த 7 பக்கங்களில் ஓர் இடத்திலும் இல்லை.

அந்தப் பெண்களின் காதோடு இந்த உவமையை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் உட்கார்ந்து ஆயிரம் சுற்றியவளுக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மாலையில் வந்து நூறு மட்டும் சுற்றியவளுக்கும் கடைக்காரர் ஒரே கூலி கொடுத்தால், பீடிக் கடை வாசலில் என்ன சத்தம் எழும்? உவமையில் முணுமுணுத்தவர்களின் பக்கம்தான் உங்கள் சபையில் பாதிப் பேர் நிற்பார்கள், நிற்கவும் விடுங்கள். அவசரப்பட்டு, "தேவனுடைய கிருபை பெரியது" என்று முடிச்சை அவிழ்த்துவிடாதீர்கள். அந்த முணுமுணுப்பு தங்களுடையதே என்று அவர்கள் உணர்ந்த பிறகு, பதினோராம் மணி வேளையில் சும்மா நின்றவர்கள், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்று சொன்ன பதிலுக்கு வாருங்கள். கண்பார்வை மங்கியதால் பீடி சரியாக அமையாமல் தள்ளுபடியாகி, வேலையையே விட்டுவிட்ட வயதான பெண்கள் உங்கள் சபையில் நிச்சயம் இருப்பார்கள்; அந்த ஒரு வாக்கியம் அவர்களுடையது. கிரேக்கச் சொல்லை உங்கள் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது உங்களுக்கு உதவியது. அதன் வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில் வேதபாரகனாகிய எஸ்றா மரத்தாலான பீடத்தின்மேல் நின்று நியாயப்பிரமாண நூலை வாசித்தார் என்பதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஜனங்கள் தங்கள் நிலையிலே நிற்க, ஆலயப் பணி செய்த லேவியர் அவர்களுக்கு வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள் என்று அங்கேயே எழுதியிருப்பதைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறோம். பீடத்தில் வாசிக்கிற வேலையும், ஜனங்கள் நிற்கிற இடத்தில் விளங்கவைக்கிற வேலையும் அன்று பலருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன; இன்று இரண்டும் உங்கள் ஒருவர் தலையில் இருக்கின்றன. இரண்டாவது வேலைக்கு வீட்டுச் சந்திப்பைத் தவிர வேறு வழியை நான் அறியேன்.

இங்கிலாந்தில் கிடெர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊரில் 17-ஆம் நூற்றாண்டில் ஊழியம் செய்த ரிச்சர்ட் பாக்ஸ்டர், ஏறக்குறைய 800 குடும்பங்கள் கொண்ட தம் சபையைத் தம் உதவியாளரோடு பகிர்ந்துகொண்டு, திங்கள், செவ்வாய் இரண்டு நாள்களையும் அதற்கென்றே ஒதுக்கி, வாரத்துக்கு 15 அல்லது 16 குடும்பங்களோடு தனித்தனியாகப் பேசினார். ஓர் ஆண்டில் ஒரு சுற்று முடியும். பத்தாண்டு காலம் பிரசங்கம் கேட்டும் ஒன்றும் அறியாதிருந்த சிலர், அரை மணி நேரத் தனிப்பேச்சில் அதிகம் கற்றுக்கொண்டதைத் தம் அனுபவமாகவே 1656-இல் எழுதிவைத்தார். பெரிய பிரசங்கியார் ஒருவர் இதை ஒப்புக்கொண்டிருப்பதுதான் எனக்கு வியப்பு. தறியில் நின்று நெய்துகொண்டே எதிரில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்து வாசிக்கக்கூடிய தொழில் அந்த ஊருக்கு வாய்த்திருந்ததையும் அவர் ஒரு நன்மையாகக் குறிப்பிட்டார். தம் ஜனங்களின் கை எப்போது ஓய்ந்திருக்கும், காது எப்போது திறந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. என் முதல் சேகரமும் உங்களுடையதைப் போன்றதே. ஒரு வீட்டுக்குள் நான் நுழைந்ததும் அந்த அம்மா மடியிலிருந்த பீடித் தட்டை இறக்கி வைத்து, இலைத் துணுக்குகளைத் தட்டிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒரு சங்கீதத்தை வாசித்து, விளக்கம் சொல்லி, நீண்ட ஜெபம் செய்து முடிப்பதற்குள் 40 நிமிடங்கள் ஆகியிருக்கும். கண் திறந்தபோது அவருடைய பார்வை நனைத்து வைத்திருந்த இலையின்மேல் இருந்தது; இலை காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் போனபோது, "ஐயா, நீங்க வாசிங்க, நான் சுத்திக்கிட்டே கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். அன்றுதான் அவர் மகனைப் பற்றி என்னிடம் பேசினார். கை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வாய் திறந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் தட்டை இறக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

கமிட்டி விஷயத்தில் என் பதில் சுருக்கமானது: பிரசங்க பீடத்தை எந்தத் தரப்புக்கும் வாடகைக்கு விடாதீர்கள். உங்களுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. திருச்சபை நாள்காட்டியான பஞ்சாங்கத்தில் அந்தந்த ஞாயிறுக்குக் குறித்திருக்கும் தலைப்பையும் வாசகப் பகுதிகளையும் விட்டு விலகாதிருந்தால், கடினமான வசனம் ஒன்று வரும் நாளில் "ஐயா என்னைக் குத்துவதற்காகவே தேடி எடுத்தார்" என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வேலியை நானே ஒருமுறை தாண்டிக் குதித்தேன். அறுப்பின் பண்டிகைக் கணக்கைக் கமிட்டியில் ஒருவர் கடுமையான வார்த்தைகளில் கேட்டார். கேட்ட விதம் தவறு, கேட்ட கேள்வி நியாயமானது. அடுத்த ஞாயிறு பஞ்சாங்கப் பகுதியை ஒதுக்கிவிட்டு காணிக்கைப் பணத்தில் பொய் சொல்லி விழுந்து மாண்ட அனனியா, சப்பீராள் தம்பதியரைப் பற்றிப் பிரசங்கித்தேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த அவர், திருவிருந்துக்கு முன்பே எழுந்து வெளியே போனார். இரண்டு ஆண்டுகள் ஆலயத்துக்கு வரவில்லை. அவருடைய தாயார் இறந்தபோது பக்கத்துச் சேகரத்துக் குருவானவரை அழைத்து அடக்கம் செய்தார்கள். சபை ஜனங்கள் எல்லாரும் பெட்டியின் பின்னே போக, நான் குருமனை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மையாருக்கு அதற்கு முந்தின மாதம்வரை வீட்டில் திருவிருந்து கொடுத்தவன் நான்.

பேச வேண்டியதைப் பேசாதிருங்கள் என்று நான் சொல்லவில்லை. தாவீது ராஜா தவறு செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி அவரிடம் நேரே போய்த்தான் பேசினார். தவறு செய்தவர் வீட்டுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் தனியாகப் போய், காபி குடித்துவிட்டு, முகத்துக்கு நேரே சொல்லுங்கள். மறு தரப்பார் வீட்டுக்கும் அதே வாரத்தில் போங்கள். கிராமத்தில் உங்கள் வண்டி எந்த வாசலில் நின்றது என்பது விடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

எதிர்ப்பைத் தாங்குவது எப்படி என்று கேட்பீர்கள். சார்லஸ் சிமியோன் 1782-இல், 23 வயதில், கேம்பிரிட்ஜ் நகரின் திரித்துவ ஆலயத்துக்கு நியமிக்கப்பட்டபோது, சபையார் விரும்பியது வேறொருவரை. கதவோடு அமைந்திருந்த தங்கள் ஆலய இருக்கைகளைப் பூட்டிவிட்டு அவர்கள் வராமலே இருந்தார்கள். ஆலயத்துக்குள் இருக்கைகளுக்கு நடுவிலிருந்த நடைபாதையில் அவர் தம் செலவில் போட்ட பெஞ்சுகளை ஆலய நிர்வாகிகள் வெளியே எறிந்தார்கள். கர்த்தருடைய ஊழியக்காரன் சண்டைபண்ணக்கூடாது என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு, வந்து நின்றவர்களுக்குப் பிரசங்கித்தார். 1836-இல் மரிக்கும்வரை, 54 ஆண்டுகள், அதே ஆலயத்தில் இருந்தார். அவரிடம் உதவி குருவாயிருந்த ஹென்றி மார்ட்டின்தான் பிற்பாடு நம் நாட்டுக்கு வந்து புதிய ஏற்பாட்டை உருதுவில் மொழிபெயர்த்தவர். நம் திருமண்டலங்களின் மாறுதல் முறையில் உங்களுக்கு 54 ஆண்டுகள் கிடைக்கப்போவதில்லை. சில ஆண்டுகள் கிடைக்கும். அதில் 14 மாதங்கள்தான் கழிந்திருக்கின்றன. ஆகவே மாறுதல் விண்ணப்பத்தை இப்போது எழுத வேண்டாம்.

ஜெபவீட்டுக்குப் போகும் வாலிபர்களைப் பற்றி ஆராதனையில் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். வராதவர்களைத் திட்டும் பிரசங்கத்தை வந்தவர்கள்தான் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது. அவர்களை வாசகம் படிக்கவும், கிளைச் சபைகளுக்கு உங்களோடு வரவும் அழையுங்கள்; ஜெபவீட்டில் அவர்களை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்திருக்கிறார் என்பது என் ஊகம். கைக்கடிகாரம் குறித்து: துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பேசியபோதே ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான், நம்முடையதற்கு 20 நிமிடங்கள் தாராளம். காணிக்கைப் பட்டியலும் அறிவிப்புகளும் பிரசங்கத்தைவிட நீண்டுபோகாதபடி சபை ஊழியரிடம் சொல்லி, பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யலாம்.

இனி அந்தப் பாட்டியம்மா. உங்கள் பிரசங்கத்தைக் கேட்க விரும்பும் ஒரே ஆள், அதைக் கேட்க வரமுடியாதவர். பேத்தி என்ன சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, எழுதி முடித்த தாள்களைக் குருமனையிலேயே வைத்துவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். மறுநாள் சொல்லப்போவதைப் பத்து நிமிடத்தில் அவருக்குச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தாளைத் தேடுகிறீர்களோ, எந்த இடத்தில் அவர் முகம் புரியாமல் நிற்கிறதோ, அந்தப் பகுதிகளை இரவே வெட்டிவிடுங்கள். அவர் இடையில் குறுக்கிட்டு ஏதாவது சொன்னால், அதை அவர் அனுமதியோடு ஞாயிறு காலையில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். போகும்போது திருவிருந்துப் பாத்திரங்களையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் ஆலயத்துக்கு வந்து எத்தனை மாதமாயிற்று என்று உங்கள் கடிதத்தில் இல்லை.